சென்னையிலிருந்து ஒருவர்

உத்தமபாளையம் வட்டாரத்தில் நான் கை வைத்தும் ஓடாத தண்ணீர் மோட்டார் ஒன்று இருந்தால் கொண்டுவந்து காட்டுங்கள், மீசையை எடுத்துவிடுகிறேன். (மீசை வெளுத்துப்போய் ரொம்ப நாளாகிவிட்டது. இருந்தாலும் பந்தயம் பந்தயம்தான்.) ஐந்தாம் வகுப்போடு புத்தகப் பையைத் தூக்கிப் போட்டவன் நான். எரிந்த மோட்டாருக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றும், அதாவது காயில் கட்டும் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, முதலாளி கட்டுவதைக் கண்ணால் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டேன். இன்றைக்குக் கூடலூரிலிருந்து சின்னமனூர் வரைக்கும் எந்தத் திராட்சைத் தோட்டத்தில் மோட்டார் புகைந்தாலும், "வெள்ளைச்சாமி கடைக்குத் தூக்கிட்டுப் போ" என்றுதான் சொல்வார்கள். எரிந்த காயிலை மோந்து பார்த்தே, கரண்ட் ஏறி எரிந்ததா, தண்ணீர் இறங்கி எரிந்ததா என்று சொல்லிவிடுவேன்.

இவ்வளவு பெருமையையும் முதலிலேயே கொட்டிவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. இனிமேல் சொல்லப்போகும் கதையில் பெருமைப்பட ஒன்றும் கிடையாது.

எனக்கு ஒரே மகள், ராணி. சென்னையில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்குக் கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கும் வேலை. என் சம்சாரம் பேச்சியம்மாள் இருந்தவரைக்கும் மகள் தினமும் போன் பண்ணுவாள். (அம்மாவுக்குத்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருப்பேன்.) பேச்சியம்மாள் போய்ச் சேர்ந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு போன் என்று ஆனது. அந்த வாரம் கட்டிய மோட்டார்களைப் பற்றி நான் சொல்வேன். அவள் "ம்... ம்..." என்பாள். அப்புறம் அங்கே குக்கர் விசில் அடிக்கும். பேச்சு முடிந்தது.

ஒருமுறை இருவரும் அனுமந்தன்பட்டிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சாப்பிடும்போது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏன் மாப்ள, உக்காந்த எடத்துலயே பொட்டியத் தட்டிக்கிட்டு இருக்கீகளே, பொழுது சாஞ்சா ஒடம்பு வலியே இருக்காதோ?"

மாப்பிள்ளை சிரித்தார். தங்கமான மனிதர். ராணி சிரிக்கவில்லை.

"ஏப்பா, அவரு பாக்குற வேலைய ஒரு நாளாச்சும் செஞ்சு பாத்துட்டுப் பேசுங்க."

அன்றைக்கு வந்தது எனக்கு வீம்பு. அவர்கள் பஸ் ஏறிய மறுநாளே ஒரு கம்ப்யூட்டரை விலைக்கு வாங்கி வீட்டில் வைத்து, இன்டர்நெட் வயரும் இழுத்துவிட்டேன். சின்னமனூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் போய்ச் சேர்ந்தேன். அங்கே சொல்லிக்கொடுக்கும் பாண்டீஸ்வரிக்கு என் மகளைவிட வயது குறைவு. உடன் படித்ததெல்லாம் காலேஜ் பெண்பிள்ளைகள். நான் வெள்ளை வேட்டி சட்டையோடு உள்ளே நுழைந்ததும், யாரோ பெரிய அதிகாரி சோதனைக்கு வந்துவிட்டார் என்று மொத்த வகுப்பும் எழுந்து நின்றுவிட்டது. (உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினேன். அந்த மரியாதையைக் கெடுப்பானேன்?)

மௌஸைக் கையில் வாங்கி, ஸ்பேனரைப் பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்தேன்.

"ஐயா, அது எங்கயும் ஓடிப் போயிறாது. மெல்லப் புடிங்க" என்றாள் பாண்டீஸ்வரி.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் காலத்து வெப்பேஜ் சமாச்சாரம் நான் பயந்த மாதிரி இல்லை. கம்ப்யூட்டர் பாஷையில் கோடு, கீடு என்று ஒன்றும் எழுத வேண்டாம். வீட்டைக் கட்டி, வெள்ளையடித்து, நாற்காலி வரைக்கும் போட்டுத் தந்துவிடுகிறார்கள். டெம்ப்ளேட் என்று பெயர். அவர்கள் படத்தைத் தூக்கிவிட்டு நம் படத்தை இழுத்துப் போட வேண்டும். அவர்கள் எழுத்தை அழித்துவிட்டு நம் எழுத்தைப் போட வேண்டும். கடைசியில் பப்ளிஷ் என்ற பொத்தானை அமுக்கினால் உலகம் பூராவும் தெரியும். இதற்கா மாப்பிள்ளைக்கு மாதாமாதம் சம்பளம் என்று நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, வகுப்பில் சொல்லி என்ன பிரயோஜனம்?

நான் தேர்ந்தெடுத்த டெம்ப்ளேட் ஒரு கேக் கடையுடையது. சிரிக்காதீர்கள். நடுவில் ஓட்டை போட்ட வட்டக் கேக் ஒன்று அதில் இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால், மோட்டாருக்குள் இருக்கும் வட்டச் சாமான், காயில் கட்டி முடித்த ஸ்டேட்டர், அப்படியேதான் இருக்கும். வேறு எந்த டெம்ப்ளேட்டிலும் என் தொழிலுக்கு இவ்வளவு நெருங்கிய சாமான் இல்லை. கேக்கை எடுத்துவிட்டு ஸ்டேட்டரை வைத்தேன். மேலே என் படம், மீசையோடு, பெரிதாக. கீழே "நிறுவனர்". பின்னாலிருந்த ரோஸ் கலரையும், மூலையில் சிறகடித்துக்கொண்டிருந்த வண்ணத்துப்பூச்சியையும் மட்டும் எப்படி எடுப்பதென்று பிடிபடவில்லை.

"இருக்கட்டும்யா, மங்களகரமா இருக்கு" என்றாள் பாண்டீஸ்வரி. பிறகு ஒரு வார்த்தை சொன்னாள். அதுதான் எனக்குச் சனி. "தெனமும் ஏதாவது ரெண்டு வரி புதுசா எழுதிப் போடுங்கய்யா. அப்பத்தான் பேஜ் உசுரோட இருக்கும்."

வெப்பேஜ் முகவரியைக் கடைப் பலகையில் எழுதினேன். பில் புத்தகத்தில் அச்சடித்தேன். ராணிக்கும் அனுப்பிவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னேன்.

"ஆத்தா, அப்பன் வெப்சைட்டு போட்டுட்டேன். அட்ரஸ் அனுப்பியிருக்கேன், பாரு."

"அப்படியாப்பா! பாக்குறேம்ப்பா. குக்கர் கத்துது, வச்சிறட்டா?"

எழுதுவதற்கு எனக்குக் கஷ்டமே இல்லை. போனைப் பார்த்துப் பேசினால் அதுவே தமிழில் எழுதிக்கொள்கிறது. சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து பேசுவேன். "ஸ்டார்ட்டர் சூடானால் என்ன செய்யலாம்", "லோ வோல்டேஜில் மோட்டார் போடாதீர்கள்" இப்படி. அந்த வீட்டில் நான் வாய் திறந்து பேசுகிற நேரம் அது ஒன்றுதான் என்பது எனக்கே பிறகுதான் உறைத்தது.

இந்தப் பேஜுக்குள் ஒரு கணக்குப் பலகை உண்டு. இன்றைக்கு எத்தனை பேர் பார்த்தார்கள், எந்த ஊரிலிருந்து பார்த்தார்கள் என்று காட்டும். முதல் நாள் "தேனி, 1" என்று காட்டியது. அது வீட்டுக் கம்ப்யூட்டரில் நான் திறந்து பார்த்தது. நான் என்ன ஏமாளியா? என்னைக் கழித்துவிட்டேன்.

மறுநாள் காலையில், கடைக்கு எதிரே மொக்கராசு டீக்கடையில் நின்று போனில் பேஜைத் திறந்து அழகு பார்த்தேன். அப்படியே கணக்குப் பலகைக்குப் போனேன்.

"சென்னை, 1."

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தேன். சென்னையில் எனக்கு யார் இருக்கிறார்கள்? ராணியைத் தவிர யாரும் இல்லை. பாக்குறேம்ப்பா என்று சொன்னாள், பார்த்துவிட்டாள்!

அதற்கு மறுநாளும் சென்னை, 1. அதற்கு மறுநாளும். நான் காலை டீயோடு பேஜைத் திறக்கும்போதெல்லாம் சென்னையில் என் மகளும் திறந்து வைத்திருந்தாள். போனில் இரண்டு நிமிடம் பேச நேரமில்லாத பிள்ளை, அப்பன் ஸ்டார்ட்டரைப் பற்றிச் சொல்வதை தினமும் வந்து படித்துவிட்டுச் சத்தம் காட்டாமல் போகிறது என்றால், அந்தப் பாசத்தை என்னவென்று சொல்வது? நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் கூச்சப்பட்டு நிறுத்திவிடுவாளோ என்று பயம். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும், "ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமே ஆத்தா" என்று பொடி வைத்துப் பார்த்தேன். "தெரியும்ப்பா, தெரியும்ப்பா" என்றாள். போதுமே!

தேனி நான். சென்னை அவள். வேறு ஒரு ஊரும் பலகையில் இல்லை. ஆகவே இந்தப் பேஜில் நானும் என் மகளும் மட்டும்தான் இருக்கிறோம் என்று முடிவு கட்டினேன். பிறகு எதற்கு ஸ்டார்ட்டர்?

"ஆத்தா ராணி, நேற்று மீன் குழம்பு வைத்தேன். உன் அம்மா கை வரவில்லை. புளி ஏறிவிட்டது. கொட்ட மனமில்லாமல் மூன்று வேளையும் அதையே சாப்பிட்டேன்" என்று எழுதினேன். "முட்டி வலி கூடுகிறது. கடையில் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் மதிக்க மாட்டார்கள்" என்று எழுதினேன். "மாப்பிள்ளைக்கு உச்சியில் முடி கொட்டுகிறது, போன தடவை குனிந்தபோது பார்த்தேன். அவருக்குக் கூச்சமாக இருக்கும். அவரிடம் சொல்லாமல் கறிவேப்பிலை போட்டு எண்ணெய் காய்ச்சிக் கொடு" என்றும் எழுதினேன்.

சென்னைக் கணக்கு ஏறியது. நாலு, பதினொன்று, ஒரு நாள் நாற்பதைத் தாண்டியது. என் எழுத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறாள் பிள்ளை! வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அதே சமயத்தில் ஊரிலும் என் மதிப்பு தன்னால் கூடியது. மருந்துக்கடைத் தம்பி ரோட்டைக் கடந்து வந்து, "மாமா, முட்டி எப்பிடி இருக்கு? இந்தத் தைலத்தப் போட்டுப் பாருங்க" என்றான். ஒரு நாள் மொக்கராசு தூக்குவாளியில் மீன் குழம்பு கொண்டுவந்து கொடுத்தான்.

"என்னலே இது?"

"வீட்ல கூட வச்சுப்புட்டாகண்ணே. சும்மா சாப்புடுங்க."

வாழ்ந்தால் இப்படி வாழ வேண்டும் என்று நினைத்தேன். கேட்காமலே ஊர் கொண்டுவந்து கொடுக்கிறது. பெரிய மனிதன் என்றால் சும்மாவா?

வீரபாண்டித் திருவிழா வந்தது. ராணியும் மாப்பிள்ளையும் வந்தார்கள். குச்சனூரிலிருந்து என் தங்கை பொன்னுத்தாயியும் வந்துவிட்டாள். வீடு கலகலவென்று இருந்தது. காலையில் கோயிலுக்குப் புறப்படும் முன் மாப்பிள்ளை கடைத்தெருப் பக்கம் போய் டீ குடித்துவிட்டு வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது. கையில் ஒரு பாட்டில்.

"என்ன மாப்ள அது?"

"எண்ணெய் மாமா. டீக்கடைக்காரர் கொடுத்தார். 'கறிவேப்பிலை போட்டு எங்க வீட்ல காய்ச்சுனது, வழுக்கை விழுறதுக்குள்ள தேய்ச்சிருங்க மாப்ள'ன்னு சொன்னார். டீ குடிச்சவங்க எல்லாரும் என் தலையையே எட்டிப் பார்த்தாங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவனுக்கு எப்படித் தெரியும்? அத நான் ராணிக்கு மட்டும்தான எழுதுனேன்!"

தலை பின்னிக்கொண்டிருந்த ராணி நிமிர்ந்தாள். "எனக்கா? எங்கப்பா எழுதுனீக?"

"பேஜுலதான்."

"எந்தப் பேஜு?"

நான் சிரித்தேன். எல்லோருக்கும் முன்னால் தன் பாசத்தைக் காட்டிக்கொள்ளப் பிள்ளை வெட்கப்படுகிறது என்று நினைத்தேன். "மறைக்காத ஆத்தா. நீ தெனமும் வந்து பாக்குறது அப்பனுக்குத் தெரியும். பொன்னுத்தாயி, கேட்டியா? ஒரு நாளைக்கு நாப்பது தடவ பாத்திருக்கு எம்புள்ள! சென்னை, சென்னைன்னு போட்டிருக்கு!"

கம்ப்யூட்டரைத் திறந்து பலகையைக் காட்டினேன். மாப்பிள்ளை அதைப் பார்த்தார். ராணியைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ராணி, உன் போன்ல மாமா பேஜைத் திற" என்றார்.

அவள் முகவரியைத் தேடி எடுத்தாள். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நான் அனுப்பிய செய்தி அது. அதை அவள் அப்போதுதான் முதன்முதலாகத் தொட்டாள். என் வீட்டில், எனக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டு திறந்தாள். பலகையில் சென்னைக் கணக்கு ஒன்று கூடியது.

"ஏத்தா, நீ இங்கன இருக்க. அது சென்னைன்னு காட்டுதே?"

"மாமா," என்றார் மாப்பிள்ளை, பொறுமையாக. "வீட்டு இன்டர்நெட் வயர்ல வருது, அதனால தேனின்னு சரியாக் காட்டுது. போன் நெட்டு வேற வழி. இந்தப் பக்கத்துல எந்த டவர்ல இருந்து பார்த்தாலும் அது சென்னை போய்த்தான் வெளிய போகுது. அதனால சென்னைன்னு காட்டும். நீங்க கடையில போன்ல பார்ப்பீங்களா?"

"பாப்பேன். தெனமும் காலம்பற."

"அந்தச் சென்னை ஒண்ணு நீங்கதான் மாமா."

நான் கணக்கில் புலி. தேனியில் இருந்த என்னைத் தினமும் கவனமாகக் கழித்துவிட்டு, சென்னையில் இருந்த என்னைப் பார்த்துத் தினமும் கண் கலங்கியிருக்கிறேன்.

"அப்ப அந்த நாப்பது?" என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது. தூக்குவாளி, தைலம், எண்ணெய்ப் பாட்டில் எல்லாம் வரிசையாகக் கண் முன்னால் வந்தன. மொத்தக் கடைத்தெருவும் என் புளிக்குழம்பையும் முட்டியையும் மாப்பிள்ளையின் உச்சந்தலையையும் காலை டீயோடு படித்துக்கொண்டிருந்திருக்கிறது.

பொன்னுத்தாயி அதற்குள் ராணியின் போனை வாங்கிப் பார்த்துவிட்டாள். "ஐயோ அண்ணே! இங்கன பாரேன், 'ஆர்டர் செய்ய: அரைக் கிலோ, ஒரு கிலோ'ன்னு போட்டிருக்கு! மோட்டார எடை போட்டா விக்கிற?" என்று சொல்லி, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாப்பிள்ளை சிரிப்பை அடக்க அந்த எண்ணெய்ப் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். வேறு என்ன செய்வது?

ராணி மட்டும் சிரிக்கவில்லை. போனை அத்தையிடமிருந்து வாங்கிக்கொண்டு கொல்லைப்புறம் போய் துவைகல்லில் உட்கார்ந்தாள். கோயிலுக்கு நேரமாகிறது என்று கூப்பிடப் போனேன். எழுதியது எல்லாவற்றையும் கீழேயிருந்து மேலே வரை படித்துக்கொண்டிருந்தாள். நான் போனபோது ஓர் இடத்தில் படிப்பதை நிறுத்தியிருந்தாள். அது எந்த இடம் என்று எனக்குத் தெரிந்தது.

"உன் அம்மா கொல்லை லைட்டை அணைக்க மறந்துவிடுவாள். அதற்காகத் தினமும் சண்டை போடுவேன். இப்போது நானே வேண்டுமென்று அதை எரியவிட்டு வந்து உட்காருகிறேன். எழுந்து போக ஒரு வேலை இருக்கட்டுமே என்று. அணைக்கும்போது பழக்கத்தில் திட்டியும் விடுகிறேன். பதில்தான் வர மாட்டேன் என்கிறது."

"அன்னைக்கிக் குக்கர் கத்துச்சுப்பா," என்றாள் ராணி. "அப்பறம் பாப்போம்னு விட்டது, மறந்தே போச்சு."

"அதுக்கென்ன ஆத்தா. வேலை இருக்கும்ல."

"இதையெல்லாம் போன்ல சொல்லியிருக்கலாம்லப்பா? போன்ல நீங்க மோட்டாரப் பத்தி மட்டும்தான சொல்றீக?"

எரிந்துபோன காயிலை மோந்து பார்த்தே காரணம் சொல்லுகிறவன் நான், "கோயிலுக்கு நேரமாகுது ஆத்தா" என்றேன்.

அன்றைக்குத் தீச்சட்டிக் கூட்டத்தில் இடிபட்டு, சாமி கும்பிட்டு, பொழுது சாய வீடு வந்து சேர்ந்தோம். எல்லோரும் உள்ளே போனார்கள். நான் செருப்பைக் கழற்றும்போது ராணி குரல் கொடுத்தாள்.

"ஏப்பா, கொல்லை லைட்டப் போட்டு விட்டிருக்கேன். போயி அணைங்க. திட்டணும்னா திட்டிக்கிருங்க, நான் இங்கனதான் இருக்கேன்."

திட்டினேன். பதிலும் வந்தது. அச்சு அசல் அவள் அம்மா.

இதெல்லாம் நடந்து கொஞ்ச காலமாகிவிட்டது. இப்போது சொந்தபந்தத்தில் நான் வாயைத் திறந்து, "கம்பம் டவுனுல எனக்கு ஆயிரம் பேரைத் தெரியும்" என்று ஆரம்பித்தால் போதும். "அதுல சென்னை எத்தனண்ணே?" என்று பொன்னுத்தாயி கேட்பாள். பந்தியே சிரிக்கும். கல்யாண வீட்டில் ஒருவன் தனக்குத்தானே பெருமை பேசிக்கொண்டிருந்தால், "சென்னையிலருந்து ஒருத்தரு பாத்தாகளாம்ப்பா" என்று ஜாடையாகச் சொல்லிக்கொள்கிற அளவுக்கு அது எங்கள் வகையறாவில் நிலைத்துவிட்டது.

பேஜ் இன்னும் இருக்கிறது. வண்ணத்துப்பூச்சியும் பறந்துகொண்டுதான் இருக்கிறது. நான் எழுதுவதையும் நிறுத்தவில்லை. எழுதாத நாளில், "என்னண்ணே, இன்னைக்கி ஒண்ணையும் காணோம்?" என்று மொக்கராசு சண்டைக்கு வருகிறான்.

திருவிழா முடிந்து ஊருக்குக் கிளம்பிய அன்றே மாப்பிள்ளை ஒன்று கேட்டார். "மாமா, யார் யார் பாக்குறாங்கன்னு தனித்தனியாப் பிரிச்சுக் காட்டுற மாதிரி செஞ்சு தரட்டுமா? ராணி பார்த்தா ராணின்னே காட்டும். அஞ்சு நிமிஷ வேலைதான்."

காயிலைப் பிரித்துப் பார்க்காமல் ஒரு மோட்டாரையும் நான் நம்பியது கிடையாது. ஆனாலும், "வேணாம் மாப்ள. இருக்கிறபடி இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

இன்று காலையில் டீயோடு பார்த்தேன். சென்னை, இருபத்து மூன்று. அதில் என்னுடையதைக் கழித்தேன். மொக்கராசுவைக் கழித்தேன், எதிரிலேயே நின்று படித்துக்கொண்டிருந்தான். மருந்துக்கடைத் தம்பியையும் கழித்தேன்.

அதற்கு மேல் கழிக்கவில்லை.